திரும்பத் திரும்ப வந்த க்யூ1

என் மேஜையின் மூன்றாவது இழுப்பறையில் "திறக்க வேண்டாம், உள்ளே படிகம் வளர்கிறது" என்று எழுதி ஒட்டியிருந்தேன். ஒட்டிய மறுநாளே யாரோ திறந்து ஸ்டேப்ளரை எடுத்துப் போயிருந்தார்கள். உள்ளே இருந்த நாலு சின்ன பீக்கர்களில் ஒன்றில் அதுவரை தெளிவாக நின்ற கரைசல் முழுக்கப் பஞ்சு மாதிரி ஊசிகள். ஒரே ஒரு ஆட்டம் போதும், நாலு இடத்தில் மெதுவாக வளர வேண்டியது நாலாயிரம் இடத்தில் ஒரே நேரத்தில் வளர்ந்து தொலைக்கும்.

நான் ஆராயும் ஹைட்ரசோன் என்ற சேர்ம வகையைத் தயாரிப்பது எங்கள் ஆய்வுக்கூடத்தில் ரசம் வைப்பது மாதிரி. ஒரு ஹைட்ரசைடு, ஒரு ஆல்டிஹைடு, இரண்டும் சம மோல். எத்தனாலில் கரைத்து, இரண்டு சொட்டு கிளேசியல் அசிட்டிக் அமிலம் விட்டு, மூன்று மணி நேரம் ரிஃப்ளக்ஸ் (ஆவியைக் குளிர்த்துத் திருப்பி விட்டபடி கொதிக்க வைப்பது). டிஎல்சி தகட்டில் பழைய புள்ளி மறைந்து புதுப் புள்ளி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டால், ஆறும்போதே வெள்ளையாகப் படிந்துவிடும். வினையில் ஒரு மூலக்கூறுக்கு ஒரு நீர் வெளியேறும், அவ்வளவுதான். இந்த நீரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எடுத்த ஹைட்ரசைடு ஐசோனியாசிட். 1952 முதல் காசநோய்க்குக் கொடுக்கப்படும் அதே மருந்துதான். சானடோரியத்தில் போய்ப் படுக்காமல் வீட்டிலிருந்தே இந்த மாத்திரையும் பாஸ் என்ற இன்னொரு மாத்திரையும் சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950-களின் கடைசியில் ஆய்வு நடத்திக் காட்டியது சென்னையில்தான். அதனால் தமிழ்நாட்டில் ஐசோனியாசிட்டோடு வேலை செய்பவர்களுக்கு அதன் மேல் கொஞ்சம் உரிமை உணர்வு உண்டு. எந்த ஆல்டிஹைடோடு சேர்த்தேன் என்று சொல்ல மாட்டேன். ஆய்வேடு இன்னும் சமர்ப்பிக்கவில்லை.

ஐஆர், என்எம்ஆர், மாஸ் என்று சேர்மத்தை அடையாளம் காணும் சோதனைகள் எல்லாம் எடுத்தாயிற்று. எல்லாமே "நீ செய்தது இதுதான்" என்று சொல்லின. ஆனால் கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பின் இரு பக்கமும் எது எந்தப் பக்கம் நிற்கிறது (ஈ-யா, இசட்-டா), கார்பனைல் கார்பனைலாகவே இருக்கிறதா அல்லது ஈனால் வடிவத்துக்கு மாறியிருக்கிறதா என்பதை அடித்துச் சொல்ல ஒற்றைப் படிகம் வேண்டும், அதன் மேல் எக்ஸ்-கதிர் பாய்ச்சிப் பார்க்க. வழிகாட்டி மேடம் சொன்னது இன்னும் சுருக்கம்: "சிங்கிள் கிரிஸ்டல் கொடுத்துட்டா எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

படிகம் வளர்ப்பதுதான் இதில் பாதி உயிரை எடுக்கும். புத்தகத்தில் "எத்தனாலில் மெதுவாக ஆவியாக விட்டுப் பெறப்பட்டது" என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். ஏப்ரல் மாதத்தில், கரண்ட் போய்ப் போய் வரும் அறையில், எத்தனால் மெதுவாக எல்லாம் ஆவியாகாது. பாராஃபிலிமில் பத்து ஓட்டை போட்டேன், இரண்டே நாளில் காய்ந்து ஓரத்தில் உப்புப் பூத்த மாதிரி ஒட்டிக்கொண்டது. மூன்று ஓட்டை போட்டேன், ஊசிகள். டிஎம்எஃப் என்ற, மெதுவாக ஆவியாகும் கரைப்பானைக் கலந்தேன், ஒரு மாதமாகியும் எண்ணெய் மாதிரி அப்படியே கிடந்தது. கடைசியில் வேலை செய்தது மட்டமான வழி. கடையில் வரும் 95 சதவீத ஸ்பிரிட்டில் சூடாகக் கரைத்து, வடிகட்டி, ஒரே ஒரு ஓட்டை போட்ட அலுமினியத் தாளால் மூடி, தெர்மோகோல் பெட்டிக்குள் வைத்து, பெட்டியை ஃப்ரிட்ஜ் பக்கமே போகாமல் சுவரோரம் தள்ளி வைத்தேன். ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் ஓடும்போது மேஜை நடுங்குவதைக் கையை வைத்துப் பார்த்தால் தெரியும்.

பதினோராவது நாள் பீக்கரின் அடியில் ஏழெட்டுக் கட்டிகள். கல்கண்டைப் பொடித்தால் வருமே, அந்த மாதிரி, ஓரங்கள் கூராக, ஒளி ஊடுருவும்படி. நான் செய்த தப்பு இங்கேதான். வடிகட்டி, குளிர்ந்த எத்தனாலால் கழுவி, நல்ல பிள்ளையாக வெற்றிட டெசிகேட்டரில் கால்சியம் குளோரைடுக்கு மேல் ஓர் இரவு வைத்தேன். எந்த மாதிரியையும் காயவைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்று பழக்கம். காலையில் பார்த்தால் வடிவம் அதேதான், ஆனால் கண்ணாடித் தன்மை போய், சுண்ணாம்புத் துண்டு மாதிரி வெளுத்திருந்தன. மேலே ஏதோ தூசு என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, கருவிக்கூடத்துக்குக் கூரியரில் அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் வரிசையில் காத்திருந்து வந்த பதில் ஒரே படம்: புள்ளிகள் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான வளையங்கள். அதாவது அது ஒற்றைப் படிகமே இல்லை, படிக வடிவில் நிற்கும் பொடி. கட்டணம் போனது போனதுதான்.

அடுத்த முறை படிகத்தைக் கரைசலை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. வளர்ந்த கரைசலோடு சேர்த்து ஒரு சின்னக் குப்பியில் ஊற்றி, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு சென்னைக்கு நானே போனேன். பக்கத்து இருக்கைப் பாட்டி "மருந்தாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், முழுப் பொய்யும் இல்லை.

கருவியை இயக்குபவர் முதலில் கேட்டது, "என்னம்மா, பவுடரா, கிரிஸ்டலா?" என்றுதான். குப்பியிலிருந்து ஒரு துளியோடு கண்ணாடித் தகட்டில் எடுத்து, துருவணத் தகடு பொருத்திய நுண்ணோக்கியின் கீழ் வைத்து மெதுவாகத் திருப்பினார். நல்ல ஒற்றைப் படிகமென்றால் முழுக்க ஒரே சமயத்தில் இருண்டு, ஒரே சமயத்தில் ஒளிர வேண்டும், தொண்ணூறு டிகிரிக்கு ஒரு தடவை. முதல் கட்டியில் பாதி இருண்டபோது மீதிப் பாதி ஒளிர்ந்தது. இரண்டு படிகம் ஒட்டிக்கொண்டு வளர்ந்திருக்கிறது. "இது ட்வின், தூக்கிப் போடு." மூன்றாவது கட்டி மொத்தமாக அணைந்து மொத்தமாக எரிந்தது. அதைப் பிளேடால் ஓரம் வெட்டி, கால் மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட இருக்கும்படி ஆக்கி, தலைமுடி கனத்துக்கு இழுத்த கண்ணாடி இழையின் நுனியில் ஃபெவிக்விக் தொட்டு நிறுத்தினார். அந்தக் கை நடுங்காததைப் பார்த்துக்கொண்டே நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

மாலிப்டினம் எக்ஸ்-கதிர்க் குழாய், அலைநீளம் 0.71073 ஆங்ஸ்ட்ராம், அறை வெப்பநிலை. முதல் சில படங்களிலேயே கூரான புள்ளிகள். அவற்றிலிருந்து அலகுக்கூட்டை, அதாவது படிகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் சின்னப் பெட்டியை, கணினி கண்டுபிடித்ததும் அவர் ஒரு மனக்கணக்குப் போட்டார்: ஹைட்ரஜனை விட்டுவிட்டு மற்ற அணு ஒவ்வொன்றுக்கும் சுமாராக 18 கன ஆங்ஸ்ட்ராம். கூட்டின் கன அளவை அதால் வகுத்தால் நாலு மூலக்கூறுக்கான அணுக்கள். சரியாகப் பொருந்துகிறது. இந்தக் கணக்கு உத்தேசமானது, ஓரிரண்டு அணு கூடக்குறைய இருந்தால் காட்டிக்கொடுக்காது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அப்புறம் அந்தக் கூட்டின் அளவுகளைக் கேம்பிரிட்ஜ் படிகக் கட்டமைப்புத் தரவுத்தளத்தில் தேடினார். 2019-லேயே பத்து லட்சம் கட்டமைப்புகளைத் தாண்டிய தளம் அது. யாராவது ஏற்கனவே செய்திருந்தால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், ஒரு நாள் கருவி நேரம் மிச்சம். இல்லை. "ஓட விடலாம்" என்றார். நான் டீ குடிக்கப் போனேன்.

தரவு கைக்கு வந்தபின் வேலை எங்கள் பக்கத்துத் துறை அக்காவின் கணினிக்கு மாறியது. அக்கா இயற்பியலில் படிகவியல் ஆய்வு செய்பவர். ஒவ்வொரு புள்ளியின் பிரகாசத்தையும் கருவி அளந்துவிடும், அந்த அலையின் கட்டத்தை (அலை எந்த நிலையில் வந்து சேர்கிறது என்பதை) மட்டும் அளக்க முடியாது. கட்டம் தெரியாமல் எலக்ட்ரான்கள் எங்கே என்று கணக்குப் போட முடியாது. பிரகாசங்களை மட்டும் வைத்துக் கட்டத்தை ஊகிக்கும் நேரடி முறைகளுக்காகத்தான் ஹாப்ட்மேனுக்கும் கார்லேவுக்கும் 1985-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. இப்போது ஜெர்மனியின் கோட்டிங்கனைச் சேர்ந்த ஷெல்ட்ரிக் எழுதிய ஷெல்எக்ஸ்டி நிரலில் ஒரு கட்டளை அடித்தால் சில நொடிகளில் மூலக்கூறு திரையில் வந்து நிற்கிறது. ஸ்பேஸ் குரூப் (மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கின் பெயர்) பி 21/சி, கரிமச் சேர்மங்களில் வேறெதையும்விட அதிகம் அகப்படும் குரூப். நான் மூன்று மாதம் இழுப்பறையில் காவல் காத்த பொருள், இரண்டு வளையங்களும் நடுவில் ஹைட்ரசோன் சங்கிலியுமாக. எழுந்து கைதட்டிவிட்டேன்.

"உக்காரு, இனிமேதான் இருக்கு" என்றார் அக்கா.

நிரல் எல்லா அணுவையும் சரியாகப் பெயரிட்டிருக்கவில்லை. பிரிடின் வளையத்தின் நைட்ரஜனைக் கார்பன் என்று குறித்திருந்தது. அதைக் கண்டுபிடிக்கும் விதம் எனக்குப் பிடித்துப்போனது. ஒவ்வொரு அணுவையும் அது அதிரும் அளவுக்கு ஒரு நீள்வட்ட உருண்டையாக வரைந்து காட்டுவார்கள். ஏழு எலக்ட்ரான் உள்ள இடத்தில் ஆறு எலக்ட்ரான் கார்பனை வைத்தால், அந்தக் குறையை ஈடுகட்ட உருண்டை சுருங்கிவிடும். மற்ற கார்பன்கள் எல்லாம் நெல்லிக்காய் அளவில் இருக்க, இது மட்டும் சுண்டைக்காய். நைட்ரஜன் என்று மாற்றி ஒரு சுற்று ஓட்டியதும் மற்றவற்றோடு சமமாகிவிட்டது.

இன்னொன்றும் இருந்தது. மூலக்கூறுக்கு வெளியே, எதனோடும் ஒட்டாமல் தனியாக ஓர் அணு. குப்பை என்று நினைத்து அழித்தேன். அக்கா அப்போது போனில் இருந்தார்.

அதன் பிறகு ஆர் மதிப்பு நகரவே இல்லை. நம் மாதிரியும் அளந்த தரவும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதற்கான எண் அது. நல்ல கட்டமைப்பென்றால் 0.05-க்குக் கீழே வர வேண்டும். எனக்கு 0.15-க்குப் பக்கத்திலேயே நின்றது. ஹைட்ரஜன்களை வைத்துப் பார்த்தேன். எடைத் திட்டத்தை மாற்றினேன். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் மிச்சமிருக்கும் எலக்ட்ரான் அடர்த்தியின் பட்டியலில் முதலிடத்தில் க்யூ1, உயரம் ஏழுக்குப் பக்கம். க்யூ2 ஒன்றைக்கூடத் தொடவில்லை. மூன்று நாள் இப்படியே போனது. படிகம் சரியில்லையோ, மறுபடி பஸ் ஏற வேண்டுமோ என்று இரவில் தூக்கம் கெட்டது.

நாலாம் நாள் அக்கா வந்து பட்டியலைப் பார்த்தார். "இந்த க்யூ1 எதுக்கும் எதுக்கும் எவ்வளவு தூரம்?" பார்த்தேன். ஹைட்ரசோனின் என்–ஹெச் நைட்ரஜனிலிருந்தும், பக்கத்து மூலக்கூறின் கார்பனைல் ஆக்சிஜனிலிருந்தும், இன்னொரு மூலக்கூறின் பிரிடின் நைட்ரஜனிலிருந்தும், மூன்றுமே 2.8-க்கும் 2.9 ஆங்ஸ்ட்ராமுக்கும் இடையில். பிணைப்பாக இருக்க ரொம்பத் தூரம், சும்மா பக்கத்தில் நிற்க ரொம்பக் கிட்டே.

"தண்ணிடீ" என்றார். "ஆக்சிஜன்னு பேர் வை."

வைத்தேன். ஒரே சுற்றில் ஆர் 0.07-க்கு இறங்கியது. அறை வெப்பநிலை தரவிலேயே அந்த நீரின் இரண்டு ஹைட்ரஜன்களும் வரைபடத்தில் மங்கலாகத் தெரிந்தன. ஆக்சிஜனிலிருந்து 0.85 ஆங்ஸ்ட்ராம் என்று தளர்வாகக் கட்டிப்போட்டேன். ஆனால் இரண்டில் ஒன்றைப் பக்கத்திலிருந்த வேறு முகட்டில் வைத்துவிட்டேன் போல. கட்டமைப்பில் பிழை தேடும் செக்சிஃப் நிரலின் சோதனையில் 420-ஆம் எண் எச்சரிக்கை வந்தது: ஹைட்ரஜன் இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ள எதிரே ஆள் இல்லை. சரி, திருப்பி வைத்தேன். இப்போது நீரின் ஒரு கை கார்பனைலையும் இன்னொரு கை பிரிடினையும் பிடிக்க, என்–ஹெச் நீரின் ஆக்சிஜனைப் பிடிக்கிறது. ஒரு நீர் மூன்று மூலக்கூறுகளைக் கட்டி நிற்கிறது. கடைசி ஆர் 0.046.

ஈ வடிவம்தான். கார்பன்–ஆக்சிஜன் தூரம் 1.22, எனவே கார்பனைல்தான், ஈனால் இல்லை. கார்பன்–நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பு 1.27, நைட்ரஜன்–நைட்ரஜன் 1.38. இதெல்லாம் இந்த வகைச் சேர்மங்களில் எல்லாரும் எதிர்பார்ப்பதுதான், இரண்டு வாக்கியத்தில் எழுதி முடித்துவிட்டேன்.

டெசிகேட்டரில் சுண்ணாம்பானது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது. கட்டி நிறுத்தியிருந்த நீரை நானே ராத்திரி முழுக்க உறிஞ்சி எடுத்திருக்கிறேன், அப்புறம் சுவர் எப்படி நிற்கும்? சென்னையின் புழுக்கத்தில் படிகம் பசையின் மேல் மணிக்கணக்காக வெளுக்காமல் இருந்ததற்கும், காற்றின் ஈரம் அந்த நீரை வெளியேற விடாததுதான் காரணம். அந்த ஊர்க் காற்று எதற்காவது நல்லது செய்து பார்த்தது அன்றைக்குத்தான். நீர் எங்கிருந்து வந்தது? 95 சதவீத ஸ்பிரிட்டின் மீதி ஐந்திலிருந்து வந்திருக்க வேண்டும். வினையில் நான் வெளியே அனுப்பியதே திரும்பி வந்ததென்று நினைத்துக்கொள்ள ஆசை, ஆனால் அந்தக் கரைசலை வடிகட்டிச் சாக்கடையில்தான் ஊற்றினேன்.

முன்னமே தெரிந்திருக்க வேண்டாமா? ஐஆரில் 3400 பக்கம் அகலமாக ஒரு பட்டை இருந்தது. மாதிரியோடு கலந்து அரைக்கும் கேபிஆர் உப்பின் ஈரம் என்று ஒதுக்கினேன். என்எம்ஆரில் 3.33-ல் நீரின் சிகரம் இருந்தது. டிஎம்எஸ்ஓ கரைப்பானில் அது யாருக்கும் எப்போதும் வரும், எனவே பார்க்கக்கூட இல்லை. இப்போது டிஜிஏ (சூடாக்கிக்கொண்டே எடை பார்க்கும் சோதனை) எடுத்தேன். நூறு டிகிரியை ஒட்டி எடை இறங்குகிறது, ஒரு நீருக்கு வரவேண்டிய அளவுக்கே.

கட்டமைப்பு விவரங்கள் அடங்கிய சிஃப் கோப்பைக் கேம்பிரிட்ஜில் பதிந்து எண் வாங்கியாயிற்று. மிச்சமிருப்பது ஒரு வேலை. நுண்ணுயிரியல் தோழியிடம் பாக்டீரியா சோதனைக்காகக் கொடுத்த மாதிரியின் செறிவை நீரில்லாத மூலக்கூறு எடையை வைத்துத்தான் கணக்கிட்டிருக்கிறாள். காற்றில் காய்ந்த குப்பியிலிருந்து கொடுத்திருந்தால் அவள் எண்கள் எல்லாம் ஆறு சதவீதம் போலப் பிசகு. டெசிகேட்டர் குப்பியிலிருந்து என்றால் பிசகில்லை. எதிலிருந்து கொடுத்தேன் என்று நோட்டைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். தேதி இருக்கிறது, குப்பி எண் இல்லை.