மார்கழி வாடையில் கயாக் தூண்டில்: முதலில் வடக்கே போங்கள்

சென்னைக்கு ஏது குளிர் என்று ஒரே ஒரு பருத்திப் பனியனோடு மார்கழி விடியலில் மீன் பிடிக்கக் கயாக் என்கிற ஒல்லியான துடுப்புப் படகை இறக்குகிறவர்கள் நிறைய. அரை மணி நேரத்தில் பல் கிட்டிக்கும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் விடியற்காலை வெப்பம் 20, 21 டிகிரி வரை இறங்கும். கடல் தண்ணீரோ 26 டிகிரியை ஒட்டி இருக்கும். கையைத் தண்ணீரில் விட்டால் வெதுவெதுப்பு, வெளியே எடுத்தால் நடுக்கம். இங்கே குளிர் கடலிலிருந்து வருவதில்லை. நனைந்த துணிமேல் அடிக்கிற காற்றிலிருந்து வருகிறது. அந்தக் காற்றைப் படித்துக்கொண்டால் துணி, நேரம், போகிற திசை எல்லாம் தானாக முடிவாகிவிடும்.

ராயபுரத்திலிருந்து பழவேற்காடு வரை நம் கரை ஏறக்குறைய தெற்கு வடக்காக ஓடுகிறது. மார்கழியில் அடிப்பது வாடை. வடகிழக்கிலிருந்து வந்து நம்மைக் கரைப்பக்கமும் தெற்குப்பக்கமும் சேர்த்துத் தள்ளும். நீரோட்டமும் ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே போகும். மீனவர்கள் இதை வன்னி என்பார்கள். தெற்கிலிருந்து வடக்கே போகிற தெண்டி, தை கடைசி, மாசி வாக்கில்தான் பிடிக்கும். ஆக மார்கழியில் காற்றும் ஓட்டமும் ஒரே பக்கம் இழுக்கின்றன. இறக்கிய இடத்திலிருந்து முதலில் வடக்கே துடுப்புப் போட வேண்டும் என்று சொல்வது இதனால்தான். தெம்பு இருக்கும்போதே, காற்று எழும்பும் முன்பே ஏறிவிட்டால், அப்புறம் தூண்டிலைப் போட்டபடி மிதந்தே தெற்கே இறங்கலாம். மீன்பிடி முடிகிற இடமும் புறப்பட்ட இடமும் ஒன்றாகிவிடும்.

தெற்கே போவது சுகமாக இருக்கும், அதில்தான் ஆபத்து. அமைதியான தண்ணீரில் சராசரி ஆள் மணிக்கு 4 முதல் 5 கிலோமீட்டர் போவார். வாடை மணிக்கு 20 கிலோமீட்டரைத் தொட்டு, எதிர் ஓட்டமும் சேர்ந்தால் அதே ஆள் 2 கிலோமீட்டர் போவதே பெரிய பாடு. போகும்போது அரை மணியில் கடந்த தூரத்துக்குத் திரும்பும்போது ஒன்றரை மணி ஆகும். அதுவும் நனைந்து, பசித்து, வெயில் ஏறிய பிறகு.

இன்னொரு ஏமாற்று, விடியற்காலைக் கரைக்காற்று. இரவில் நிலம் குளிர்ந்துவிடுவதால் கரையிலிருந்து கடலுக்கு லேசாகக் காற்று போகும். கரையை ஒட்டித் தண்ணீர் தகடு மாதிரி கிடக்கும். அந்த அமைதியை நம்பி மூன்று, நான்கு கிலோமீட்டர் உள்ளே போய்விட்டால், எட்டரை ஒன்பது வாக்கில் வாடை எழும்பும்போது மாட்டிக்கொள்வீர்கள். இந்த மாதத்தில் சூரியன் ஆறரையை ஒட்டி உதிக்கும். வெளுக்கும்போது இறக்குங்கள், ஒன்பது மணிக்குள் முகம் கரையைப் பார்த்து இருக்கட்டும், கரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். அலைத் தலையில் வெள்ளை நுரை அங்கங்கே தெரிய ஆரம்பித்தால் மணி பார்க்காமல் திரும்புங்கள்.

முந்தின நாள் மாலையே இந்திய வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் வெளியிடும் கடல்நிலை முன்னறிவிப்பையும் பாருங்கள். அலை உயரம் ஒரு மீட்டருக்கு மேல், அல்லது காற்று 10 நாட், அதாவது மணிக்குச் சுமார் 18 கிலோமீட்டருக்கு மேல் என்றால் கயாக்குக்கு அன்று விடுமுறை. உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். தூரத்துத் தாழ்வு மண்டலத்திலிருந்து 10, 12 விநாடி இடைவெளியில் வரும் அலை நடுக்கடலில் தெரியவே தெரியாது. கரையோரம் ஆழம் குறையும் இடத்தில்தான் ஆள் உயரத்துக்கு எழும்பி மடியும். சென்னை, எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால், அது ஒன்றாம் எண்ணாக இருந்தாலும், இறக்கக்கூடாது. 2016 டிசம்பர் 12-ல் வர்தா கரை கடந்ததும், 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் ஊரை மூழ்கடித்ததும் இதே பருவத்தில்தான். போகிப் பண்டிகை விடியலையும் விட்டுவிடுங்கள். பனியும் புகையும் சேர்ந்து நூறு மீட்டருக்கு அப்பால் எதுவும் தெரியாமல் போகலாம். தாழ உட்கார்ந்திருக்கும் கயாக்கை எந்தப் படகோட்டியும் பார்க்க மாட்டார்.

எங்கே இறக்குவது? திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் கரையில் அரிப்பைத் தடுக்கக் கல் கொட்டிக் கட்டிய தூண்டில் வளைவுகள் இருக்கின்றன. சென்னைத் துறைமுகம் மணலின் போக்கைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே கரை தேய்ந்தது. அதற்கு மருந்தாக வந்தவை இவை. வாடைக் காலத்தில் அலை வடகிழக்கிலிருந்து சாய்வாக வருவதால், ஒவ்வொரு வளைவின் தெற்குப் பக்கத்திலும் கொஞ்சம் மறைவு கிடைக்கும். அங்கே இறக்குங்கள், ஆனால் கல்லிலிருந்து இருபது முப்பது மீட்டர் தள்ளி. கல்லை ஒட்டியே போனால் எதிரொலித்து வரும் அலை கயாக்கைப் பக்கவாட்டில் தூக்கிக் கல்மேல் போடும். கல்லில் ஒட்டிய சிப்பி காலையும் கிழிக்கும். குப்பத்துக்காரர்கள் வலை காய வைத்திருக்கும் மணலில் இழுத்துப் போகாதீர்கள். அங்கே நிற்கும் பெரியவரிடம், "ஓட்டம் எப்படிண்ணா இருக்கு, வன்னியா?" என்று கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. எந்தச் செயலியும் சொல்லாத சேதி அங்கே கிடைக்கும்.

எண்ணூர் முகத்துவாரம் வழியாக வெளியே போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். வற்றத்தில், அதாவது தண்ணீர் வடியும்போது, வேண்டாம். கொசஸ்தலை ஆற்றுத் தண்ணீர் வெளியே ஓடும்போது வாடை அலை எதிரே வந்து மோதும். அலை குட்டையாகி, செங்குத்தாகி, மணல்திட்டின் மேல் மடியும். மழைக்குப் பின் ஆற்றில் வேகம் அதிகம். திட்டும் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் இடம் மாறும். போயே ஆக வேண்டுமென்றால் ஏற்றம் முடிகிற அந்த அரை மணிதான் நேரம். காமராசர் துறைமுகம், காட்டுப்பள்ளி இரண்டின் கப்பல் பாதைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். தடை செய்யப்பட்ட பகுதி என்பது ஒருபுறம். கப்பலால் உங்களுக்காக நிற்கவோ திரும்பவோ முடியாது என்பது மறுபுறம்.

காசிமேட்டிலிருந்து லாஞ்சுகளும் ஃபைபர் போட்டுகளும் விடியலுக்கு முன்பே கிளம்பிவிடும். கயாக்கின் பின்பக்கம் ஒரு மீட்டர் கம்பில் எல்லாப் பக்கமும் தெரியும் வெள்ளை விளக்கு, அதற்குக் கீழே ஆரஞ்சுக் கொடி கட்டாயம் வேண்டும். மிதவையும் சிறு கொடியும் தண்ணீரில் தெரிந்தால் அது வலை. இரண்டு கொடிகளுக்கு நடுவே புகாமல் சுற்றிப் போங்கள். போன் நீர்புகா உறையில், உடம்போடு கட்டப்பட்டிருக்க வேண்டும். அதில் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் காவலின் 1093 இரண்டையும் பதிந்துவையுங்கள். அடையாள அட்டையும் கூடவே வரட்டும்.

துணி விஷயத்தில் ஒரே விதி: பருத்தி வேண்டாம். பருத்தி தண்ணீரைக் குடித்து வைத்துக்கொண்டு காற்றில் ஆறிக்கொண்டே இருக்கும். முழுக்கை பாலியஸ்டர் சட்டை, அதன்மேல் காற்றுப் புகாத மெல்லிய ஜாக்கெட், அதன்மேல் லைஃப் ஜாக்கெட். லைஃப் ஜாக்கெட்டைத் தோள்பட்டையில் பிடித்து யாராவது மேலே தூக்கினால் காதுவரை ஏறக்கூடாது, அந்த அளவுக்கு இறுக்குங்கள். மாற்றுத்துணி ஒரு செட் நீர்புகாப் பையில். பிளாஸ்கில் சுக்குக் காப்பி. குளிரில் தாகம் தெரியாது, ஆனாலும் வெயில் ஏறுவதற்குள் ஒரு லிட்டர் தண்ணீராவது குடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் திரும்பும்போது கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும்.

நங்கூரம்தான் கயாக்கில் அதிகம் பேரைக் கவிழ்க்கிற சாமான். காரணம் எளிது. கயிற்றை நடுப்பக்கத்தில் கட்டினால் ஓட்டம் கயாக்கைப் பக்கவாட்டில் தள்ளும், கயிறு அந்த விளிம்பைக் கீழே இழுக்கும், அடுத்த அலையில் ஆள் தண்ணீரில். முன்முனையிலோ பின்முனையிலோதான் கயிறு போக வேண்டும். உட்கார்ந்த இடத்திலிருந்தே அதைச் செய்ய, முன்னும் பின்னும் ஒரு கப்பி வைத்து, நடுவே வளையம் போட்ட சுற்றுக்கயிறு கட்டுங்கள். வளையத்தில் நங்கூரக் கயிற்றைக் கோத்து முனைக்குத் தள்ளிவிடலாம். ஒன்றரை கிலோ மடக்கு நங்கூரம், ஒரு மீட்டர் சங்கிலி, ஆழத்துக்கு நான்கு மடங்கு கயிறு. 8 மீட்டர் ஆழத்துக்கு 32 மீட்டர். கயிறு குறைந்தால் நங்கூரம் படுக்காமல் செங்குத்தாக நின்று மணலை உழுதுகொண்டே வரும்.

கயிற்றை நங்கூரத்தின் மேல் வளையத்தில் நேராகக் கட்டாதீர்கள். அடியில், கொக்கிகள் சேரும் இடத்தில் கட்டி, தண்டோடு மேலே கொண்டுவந்து, மேல் வளையத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டையால் (கேபிள் டை) பிணையுங்கள். கல்லிலோ பழைய வலையிலோ மாட்டினால் வெடுக்கென்று இழுக்கும்போது டை அறுந்துபோகும், நங்கூரம் தலைகீழாகத் திரும்பிக் கழன்று வரும். கயிற்றின் கைப்பிடி முனையில் ஒரு மிதவை இருக்கட்டும். ஏதாவது படகு நேராக வந்தால் கயிற்றை அப்படியே விட்டுவிட்டு நகர்ந்து, பிறகு வந்து எடுக்கலாம். கத்தி பெட்டிக்குள் இருந்து பிரயோஜனமில்லை, லைஃப் ஜாக்கெட்டில் இருக்க வேண்டும்.

என் கணக்கில் மார்கழியில் நங்கூரம் போடுவதைவிட மிதந்தபடியே பிடிப்பது மேல். தண்ணீரில் குடை மாதிரி விரியும் துணிப்பையைப் பின்முனையில் கட்டிவிட்டால் காற்றின் தள்ளல் பாதியாகக் குறையும், தூண்டிலும் அடியைத் தொட்டபடி நிற்கும். எவ்வளவு நகர்கிறோம் என்பதற்குக் கரையில் இரண்டு அடையாளங்களை ஒரே நேர்கோட்டில் பிடியுங்கள். அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கியையும் அதற்கு முன்னால் தெரியும் ஏதாவது ஒரு கட்டடத்தையும் சேர்த்துப் பார்த்தால், கோடு கலைகிற வேகத்திலேயே ஓட்டத்தின் வேகம் புரியும்.

மழைக்குப் பின் ஆற்றுக் கலங்கலுக்கும் கடலின் தெளிவுக்கும் நடுவே ஒரு கோடு தெரியும். அதன் தெளிந்த ஓரம்தான் இடம். கவலை மீன், நெத்திலிக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு பாறை மீனும் சீலாவும் அங்கேதான் சுற்றும். வடக்கே ஏறும்போதே 9 முதல் 11 சென்டிமீட்டர் பொய்மீனை 25 மீட்டர் பின்னால் விட்டு இழுத்துப் போங்கள். சீலா, வஞ்சிரத்தின் பல்லுக்கு 15 சென்டிமீட்டர் கம்பித் துண்டு வேண்டும். ரீலின் பிடியை (நரம்பு உருவாமல் இறுக்கிப் பிடிக்கும் அளவை) தூண்டில் நரம்பின் பலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு வையுங்கள். 9 கிலோ நரம்பென்றால் 3 கிலோ. பெரிய பாறை மீன் ஓடும்போது கோலை முன்முனைப் பக்கம் திருப்பினால் மீன் கயாக்கை இழுத்துக் களைக்கும், பக்கவாட்டில் பிடித்தால் உங்களைக் கவிழ்க்கும்.

திரும்பி மிதந்து வரும்போது அடித்தூண்டில். கீழே 60 முதல் 80 கிராம் ஈயம், அதற்கு மேலே 30 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு தூண்டில் முள். கிழங்கானுக்குச் சின்ன முள்ளும் மணல் தரையும், பன்னா, சங்கராவுக்குக் கொஞ்சம் பெரியதும். இறால் கோப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு. வால் விசிறியைக் கிள்ளி எறிந்துவிட்டு, வெட்டின இடத்திலேயே முள்ளை ஏற்றி, இரண்டு கணு உள்ளே ஓட்டி, வயிற்றுப் பக்கம் நுனியை வெளியே எடுங்கள். இறால் முள்ளோடு நேராகப் படுக்க வேண்டும். விசிறி இருந்தாலோ இறால் வளைந்திருந்தாலோ ஓட்டத்தில் சுழன்று நரம்பை முறுக்கிவிடும். பத்து நிமிடத்தில் இரண்டு முள்ளும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கெளுத்தி மாட்டினால் கையால் தொடாமல் குறட்டால் கழற்றுங்கள். முதுகிலும் இரு பக்கமும் உள்ள முள்ளில் விஷம் உண்டு. குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாத வெந்நீரில் அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை வைத்தால் வலி இறங்கும். முள் உடைந்து உள்ளே நின்றால் மருத்துவமனைக்குப் போகவேண்டும்.

கவிழ்ந்தால் கயாக்கையும் துடுப்பையும் விடாதீர்கள், மற்றதெல்லாம் பிறகு. காற்று வரும் பக்கம் நின்று, கவிழ்ந்த அடிப்பாகத்துக்குக் குறுக்கே கையை நீட்டி எதிர் விளிம்பின் வாரைப் பிடித்து, பின்னால் சாய்ந்து புரட்டுங்கள். ஏறும்போது கால்களை முதலில் நீர்மட்டத்துக்கு உதைத்து உயர்த்தி, வயிற்றை நடுவில் போட்டு, பிறகு புரண்டு உட்கார வேண்டும். கால் கீழே தொங்கினால் கயாக் உங்கள் மேலேயே மறுபடி கவிழும். இதை அமைதியான தண்ணீரில், சட்டை, லைஃப் ஜாக்கெட்டோடு பழகாதவர் வாடைக் கடலுக்குப் போகக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஏறியதும் ஈரச் சட்டையை மாற்றிவிட்டு நேராகக் கரைக்கு வாருங்கள். நடுங்கும் கை துடுப்பைச் சரியாகப் போடாது.

கரை ஏறும்போது, அலை மடியும் இடத்துக்கு வெளியே நின்று, பெரிய அலைகள் வரிசையாகப் போகும்வரை எண்ணுங்கள். கோல்களைப் படுக்க வைத்துக் கட்டி, முள்களைக் கழற்றிவிடுங்கள். கடைசிப் பெரிய அலையின் முதுகைப் பிடித்தபடி உள்ளே வாருங்கள். கயாக் பக்கவாட்டில் திரும்பிவிட்டால் அலை வரும் பக்கம் சாயுங்கள். இறங்கியபின் கயாக்குக்கும் கரைக்கும் நடுவே நிற்கக்கூடாது. தண்ணீர் ஏறிய கயாக் ஓர் அலையில் முழங்காலை முறித்துவிடும்.

குளிர்காலம்தானே என்று ஐஸ் எடுக்காமல் போகிறார்கள். ஒன்பது மணிக்கே 25 டிகிரி ஆகிவிடும். காணாங்கெளுத்தி, வஞ்சிரம், மத்தி மாதிரி மீன்களில் அந்தச் சூட்டில் ஹிஸ்டமின் சேரும். வேகவைத்தாலும் வறுத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலை வலித்து, தடிப்பு வரும். மூன்று கிலோ ஐஸில் கொஞ்சம் கடல்தண்ணீர் ஊற்றிய பையில், பிடித்ததும் செவுளை அறுத்து ரத்தம் வடிய விட்டுப் போட்டுவிடுங்கள். கழிமுகத்துக்குள் பிடித்ததைச் சாப்பிட வேண்டாம் என்பது என் கருத்து. சாம்பல் கழிவும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெயும் போய்ச் சேர்ந்த சேறு அது. கயாக்கின் அடியில் தார்க்கட்டி ஒட்டியிருந்தால் பெட்ரோல் போட்டுத் தேய்க்காதீர்கள். தேங்காய் எண்ணெயை ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டுத் துணியால் துடைத்து, சோப்புத் தண்ணீரில் கழுவினால் போய்விடும். ரீலுக்கு நல்ல தண்ணீரை மெதுவாகத் தெளித்தால் போதும். குழாயை வேகமாகத் திறந்துவிட்டால் உப்பு உள்ளேதான் போகும்.