எண்ணூருக்கு எத்தனை மில்லிமீட்டர்?

போன ஐப்பசி மழையில் என் 55-250 லென்ஸ் செத்துப்போனது. தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டும் டெலி ஜூம், 55 முதல் 250 மி.மீ. வரை. சாகடித்தது நான்தான். எண்ணூர் மீனவர் குப்பமான நெட்டுக்குப்பத்தில் தூறலில் நனைந்ததை அப்படியே பைக்குள் திணித்தேன். பையை பீரோ மேல் போட்டுவிட்டு, தீபாவளி, ஆபீஸ் ஆடிட் என்று மூன்று வாரம் மறந்தே போனேன். எடுத்துப் பார்த்தால் உள்கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி ஃபங்கஸ். ஜூம் வளையத்தைத் திருப்பினால் மணல் நறநறத்தது. சர்வீஸ் செய்பவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தொடைக்கலாம் சார், ஆனா கோட்டிங்கும் சேர்ந்து வந்துடும்" என்றார். பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீடு திருவொற்றியூர். வேலை ராஜாஜி சாலையில். ஞாயிறு விடியலில் கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடித்து எண்ணூரிலோ அத்திப்பட்டு புதுநகரிலோ இறங்கிப் படம் எடுப்பது என் பழக்கம். லேண்ட்ஸ்கேப் என்றதும் பலருக்கு ஊட்டியும் மூணாறும் வரும். எனக்குக் கொசஸ்தலையாறு கடலில் சேரும் முகத்துவாரம், ஆற்றுக்குள் காலை ஊன்றி நிற்கும் மின்கோபுரங்கள், அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள், உப்பளம், துறைமுகத்து கிரேன்கள். இவற்றில் எதன் பக்கத்திலும் போக முடியாது என்பதுதான் சங்கதி. நடுவில் ஒன்று தண்ணீர் இருக்கும், இல்லை மதில் இருக்கும், இல்லை செக்யூரிட்டி இருப்பார். அதனால் அகலமாகப் பார்க்கும் வைட் லென்ஸை எடுத்துப் போனால் முக்கால் படம் வானம், கால் படம் சேறு, நடுவில் தீக்குச்சி மாதிரி நாலு புகைபோக்கி.

டெலி லென்ஸ் தூரத்தில் இருப்பதை இழுத்துவந்து முன்னால் இருப்பதோடு ஒட்டவைக்கிறது என்பார்கள். ஒட்டவைப்பது லென்ஸ் இல்லை, நாம் நிற்கும் இடம். படகுக்கு 20 மீட்டரில் நின்றால், மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புகைபோக்கி படகுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அதே படகை விட்டு 200 மீட்டர் பின்னால் வந்தால் படகு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். புகைபோக்கி ஏறக்குறைய அதே அளவில் இருக்கும். இப்போது இரண்டும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும். அந்தச் சின்னத் துண்டைச் சட்டம் முழுக்க நிரப்பத்தான் டெலி. பின்னால் நகர இடம் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. முகத்துவாரத்தில் அதற்குப் பஞ்சமில்லை.

சரி, எதை வாங்குவது? என் கேமரா கேனான் 80டி, கிராப் சென்சார் (35 மி.மீ. ஃபிலிமை விடச் சின்னது). அதே 55-250 எஸ்.டி.எம்.மை (எஸ்.டி.எம். அதன் ஃபோகஸ் மோட்டாரின் பெயர்) மறுபடி வாங்குவதுதான் புத்திசாலித்தனம். 375 கிராம்தான், படமும் கூர்மை. முதல் டெலி வாங்கும் யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். எனக்குத்தான் ஆசை விடவில்லை. 70-200 எஃப்/2.8 வேண்டும் என்று ஐந்து வருடமாக மனசுக்குள் ஒரு புழு. எஃப் எண் லென்ஸின் துளையைச் சொல்வது. எண் சின்னதானால் துளை பெரிது, வெளிச்சம் அதிகம், ஆனால் கூர்மையாக வரும் தூரம் குறைவு.

ஒரு ராத்திரி உட்கார்ந்து, இரண்டு வருடப் படங்களில் நான் தேறும் என்று வைத்திருந்த 214 படங்களை மட்டும் பிரித்து, எந்தக் குவியத் தூரத்தில், அதாவது எத்தனை மி.மீ.யில், எடுத்தது என்று லைட்ரூம் மென்பொருளில் பார்த்தேன். பாதிக்கு மேல் 70க்கும் 150க்கும் நடுவில். 250ஐ முட்டியவை பதினேழு. அதிலும் பாதி கொக்கு. அப்பர்ச்சரை, அதாவது அந்தத் துளை அளவை, பார்த்தால் இன்னும் கேவலம். எஃப்/8, எஃப்/8, எஃப்/11, எஃப்/8. எஃப்/5.6க்குக் கீழே போனதே இல்லை. லேண்ட்ஸ்கேப்பில் படகும் தெரிய வேண்டும், கோபுரமும் தெரிய வேண்டும். என் சென்சாரில் 200 மி.மீ., எஃப்/8 வைத்து சுமார் 260 மீட்டரில் ஃபோகஸ் செய்தால் 130 மீட்டரிலிருந்து தொடுவானம் வரை கூர்மையாக வரும். எஃப்/2.8இல் அதே கணக்கு 750 மீட்டருக்குப் போய்விடும். படகு கலங்கிவிடும். அந்த எஃப்/2.8ஐக் காசு கொடுத்து வாங்கி, காலம் பூராவும் தோளில் சுமந்து, உபயோகிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

இருந்தும் புழு சாகவில்லை. ஒரு சனி, ஞாயிறுக்கு 2.8ஐ வாடகைக்கு எடுத்தேன். கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. எண்ணூர் ஸ்டேஷனிலிருந்து நெட்டுக்குப்பம் வரை அதையும் ட்ரைபாடையும் தூக்கி நடந்ததில், கரைக்குப் போய்ச் சேரும்போதே வெளிச்சம் பாதி போய்விட்டது. நான்தான் நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்தேன். போதாததற்குக் கடல் காற்று. லென்ஸ் முகப்பில் மாட்டும் அந்தப் பெரிய ஹுட் காற்றைப் பாய்மரம் மாதிரி பிடித்தது. ஹுட்டைக் கழற்றி, பையை ட்ரைபாடுக்கு நடுவில் தொங்கவிட்ட பிறகுதான் ஆட்டம் நின்றது. படங்கள் அருமைதான், பொய் சொல்லக்கூடாது. ஆனால் எஃப்/8இல் எடுத்ததை வைத்துக்கொண்டு எது எந்த லென்ஸ் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

அடுத்து, நண்பனின் டாம்ரான் 100-400. உப்பளத்துப் பக்கம் போனோம். ஏழு மணி வரை சொர்க்கம். எட்டரைக்கு மேல் 400இல் வைத்துப் பார்த்தால் கிரேன்கள் எல்லாம் தண்ணீருக்குள் நிற்பது போல் நெளிகின்றன. ஃபோகஸ் தப்பு என்று நினைத்து அரை மணி நேரம் லென்ஸோடு மல்லுக்கட்டினேன். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர், "கானல் ஏறிடுச்சு தம்பி, இனிமே இன்னா பார்த்தாலும் அப்பிடித்தான் தெரியும்" என்றார். அவ்வளவுதான் விஷயம். சூடான தரைக்கும் நமக்கும் நடுவில் மூன்று கிலோமீட்டர் காற்று கொதித்துக்கொண்டிருக்கும்போது எவ்வளவு பெரிய லென்ஸ் போட்டாலும் அந்தக் கொதிப்பைத்தான் பெரிதாக்கிக் காட்டும். எங்கள் பக்கம் இதோடு கடல் ஈரமும் தூசியும் வேறு. நீளமான லென்ஸுக்கு ஆசைப்படும் முன் அலாரத்தை நாலரைக்கு வைப்பது மலிவு.

கடைசியில் யாரும் அவ்வளவாகக் கண்டுகொள்ளாத 70-200 எஃப்/4 எல் ஐ.எஸ்.இல் வந்து நின்றேன். எல் என்பது கேனானின் உயர்தர வரிசை, ஐ.எஸ். என்பது கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி. 2006இல் வந்த மாடல், 760 கிராம். 2018இல் இதற்கு இரண்டாம் பதிப்பு வந்ததால் பழையது செகண்ட்ஸில் நல்ல விலைக்குக் கிடைக்கிறது. என்னை விழ வைத்தது வேறொன்று. ஜூம் செய்தால் இது நீளாது. 55-250இன் குழாய் ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து உள்ளே போகும். போகும்போது உப்புக் காற்றையும் மணலையும் கூட்டிக்கொண்டு போகும். இதில் எல்லாம் உள்ளுக்குள்ளேயே நகர்கிறது. கேமராவில் மாட்டும் மவுண்டில் ரப்பர் வளையமும் உண்டு. கடற்கரைக்காரனுக்கு இது எஃப்/2.8ஐ விடப் பெரிய விஷயம். ஐ.எஸ். இல்லாத இன்னொரு எஃப்/4உம் இருக்கிறது. அதை வாங்கும்போது ஏமாந்துவிடாதீர்கள், பெட்டியில் பெயரை முழுசாகப் படியுங்கள். அதில் இந்த ரப்பர் காப்பும் கிடையாது.

38 ஆயிரத்துக்கு அம்பத்தூரில் ஒருவரிடம் வாங்கினேன். பட்ட பாடு மறக்காததால் டார்ச்சோடு போனேன். இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து, முன்பக்கம் வழியாகப் பார்த்தேன். நாலு தூசி இருந்தது. தூசி இருக்கட்டும், நூல் நூலாக ஓடினால்தான் பயம். ஐ.எஸ்.ஸைப் போட்டு 200இல் எதிர்வீட்டு ஜன்னல் கம்பியை எடுத்தேன். நாலு மூலையும் ஒரே மாதிரி வருகிறதா என்று செங்கல் சுவரை எடுத்தேன். விற்றவர் பொறுமைசாலி, காபி வேறு கொடுத்தார். ட்ரைபாட் வளையம் மட்டும் இதோடு வராது, தனியாக வாங்க வேண்டும். இன்னும் வாங்கவில்லை. இப்போது லென்ஸ் தூங்குவது பீரோ மேல் இல்லை. மூடி இறுக்கமான சாப்பாட்டு டப்பாவில், சிலிகா ஜெல் பொட்டலங்களுக்கு நடுவில்.

ஒரே தலைவலி, லென்ஸ் வெள்ளை. முதல் ஞாயிறு நெட்டுக்குப்பம் கரையில் ட்ரைபாடை விரித்ததும் வலை பிரித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வந்தார்கள். "இன்னா தம்பி, எந்த டிவி?" என்றார் ஒருவர். இல்லண்ணா, சும்மாதான் என்றேன். மற்றவர் ட்ரைபாடையே பார்த்துக்கொண்டிருந்தார். "சர்வேக்கு வந்தியா?" அந்தக் கேள்வியில் விளையாட்டு இல்லை. அந்தக் கரையில் மூன்று கால் வைத்து நிறுத்தி யார் எதைப் பார்த்தாலும் அப்புறம் ஏதோ ஒன்று கட்ட வருவார்கள் என்பது அவர்கள் அனுபவம். எடுத்த படத்தைப் பின்னால் திரையில் காட்டினேன். அவருடைய படகுதான் இருந்தது, பின்னால் புகைபோக்கிகள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "படகுக்குப் பெயிண்ட் அடிக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வீட்டில் சொன்னேன். அம்மாவுக்கு வேறு கவலை. "இத்தினி காசு குடுத்து வெள்ளையா வாங்கிருக்கியே, அழுக்காவாது?" பழைய குடைத் துணியை வெட்டி, எலாஸ்டிக் வைத்து ஒரு கருப்பு உறை தைத்துக் கொடுத்தார். வெயிலில் சூடேறாமல் இருக்கத்தான் வெள்ளை பூசுகிறார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். விடியலில் என்ன வெயில்? மாட்டிக்கொண்டேன். போன வாரம் அதே ஆள் தூரத்திலிருந்தே கையைக் காட்டினார். படகு இப்போது பச்சை.