புகைநீரில் ஊறிய கிரேவில்லியா

போன வருடம் இருபது விதை போட்டேன், ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. கிரேவில்லியா பக்ஸிஃபோலியா, சிட்னியைச் சுற்றியுள்ள மணற்கல் காடுகளின் புதர். நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கிற சில்வர் ஓக்கின் சொந்தக்காரி.

காட்டுத்தீக்குப் பிறகு முளைக்கிறது என்றால் சூடுதான் காரணம் என்று நம்பியிருந்தேன். வாட்டில் (அகேசியா) மரத்துக்கு அது சரி. அதன் விதைத்தோலில் தண்ணீர் இறங்காது, வெந்நீர் ஊற்றினால்தான் வழிவிடும். ஆனால் பல புதர்களுக்கு வேண்டியது புகை. 1990-இல் தென்னாப்பிரிக்காவில் டி லாங்கே, பௌச்சர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அங்குள்ள ஃபைன்போஸ் புதர்க்காட்டுச் செடி ஒன்றை வைத்து இதைக் காட்டினார்கள். செடிகளின் நார்ப்பொருளான செல்லுலோஸ் எரியும்போது உண்டாகி, விதையை முளைக்கத் தூண்டும் பொருளை 2004-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் கண்டுபிடித்தார்கள். பெயர் கரிக்கின், அங்குள்ள பூர்வகுடிகளின் நூங்கார் மொழியில் ‘கரிக்’ என்றால் புகை. தண்ணீரில் கரையும் என்பதுதான் நமக்கு வசதி.

ஏப்ரல் 12: கோடையில் வெளியே தீ மூட்டக் கூடாத தீத்தடை நாட்கள் வரும் என்பதால், அது கழிந்து மழை பெய்து ஓயும்வரை காத்திருந்தேன். பழைய பெயின்ட் டப்பாவில் வைக்கோலும் காய்ந்த இலையும். அடியில் ஒரு ஓட்டை போட்டு மிதிபம்பைச் செருகினேன். மூடியிலிருந்து ஒரு குழாய் வாளித் தண்ணீருக்குள். ஒரு மணி நேரம் மிதித்ததில் தண்ணீர் கடுந்தேநீர் நிறத்துக்கு வந்தது. கருவாடு சுட்ட வாடை. ‘பார்பிக்யூவா?’ என்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

மூன்று கோப்பை, கோப்பைக்குப் பத்து விதை, ஒரு நாள் ஊறல்: வெறும் தண்ணீர், பத்துக்கு ஒரு பங்கு புகைநீர், கலக்காத புகைநீர். மூன்றாவதில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். மருந்து கூடினால் குணமும் கூடும் என்கிற புத்தி!

மே 27: கலந்த கோப்பையில் நான்கு. ஒன்று விதைத்தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டே நிற்கிறது. பிடுங்கிவிடக் கை அரிக்கிறது. போன முறை வேறொரு செடியில் அப்படிப் பிடுங்கித் தலையையே எடுத்துவிட்டேன். மற்ற இரண்டிலும் பூஜ்யம்.

அப்புறம்தான் படித்தேன்: கரிக்கின் நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே வேலை செய்யும். புகைநீர் கெட்டியானால் அதிலுள்ள மற்ற சரக்குகள் முளைப்பைத் தடுக்கும். மூன்றாவது கோப்பை விதைகளைத் தோண்டி எடுத்து, இரண்டு நாள் தண்ணீர் மாற்றி மாற்றி அலசித் திரும்பப் போட்டேன்.

ஜூலை 6: அதில் இரண்டு வந்திருக்கின்றன. மிச்சப் புகைநீர் பாட்டிலில், ஃப்ரிட்ஜில். தேநீர் என்று யாரும் குடித்துவிடாமல் இருக்க மண்டையோடு வரைந்து ஒட்டியிருக்கிறேன்.