வடிவாப் பார்

எங்கள் கல்லூரியின் சித்திர அறை மைதானத்தின் கோடியில், வேம்புக்குப் பக்கத்தில் இருந்தது. பத்தாம் ஆண்டில் ஒருநாள் ரீச்சர் ஒரு செவ்வரத்தம்பூவைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நாங்கள் வழக்கம்போல பென்சிலைத் தீட்டத் தொடங்கினோம். "ஒருத்தரும் இப்ப கீற வேண்டாம். முதல்ல வடிவாப் பாருங்கோ" என்றார். 40 நிமிடமும் பார்த்துக்கொண்டே இருந்தோம். இதழின் அடியில் சிவப்பு கறுப்பாக மாறும் இடத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். மணி அடித்தது. பூ வாடத் தொடங்கியிருந்தது.

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தில், இந்தச் சிறப்பு மலருக்கு ஏதாவது எழுதித் தா என்று கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தப் பூதான். இன்றைக்கு நான் லண்டனில் துணிகளுக்கு வடிவம் வரைந்து பிழைக்கிறேன். அந்த ஒரு பாடவேளையில் இருந்துதான் அது தொடங்கியது.

2012 புரட்டாதியில், 17 வயதில், ஈஸ்ட்ஹாமில் இருந்த சின்னம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அடுத்த ஆண்டு இங்குள்ள ஒரு கல்லூரியின் நேர்முகத் தேர்வுக்கு ஊரில் வரைந்த படங்களையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். பொங்கல், தேர்த்திருவிழா, கிணற்றடி என்று எல்லாமே முடிந்த படங்கள், மூலைகூடக் கசங்காதவை. பார்த்தவர் ஒவ்வொன்றாகத் திருப்பிவிட்டு, "இதற்கு முன்னால் வரைந்து பார்த்தவை எங்கே?" என்று கேட்டார். என்னிடம் ஒன்றும் இல்லை. ஊரில் முடிந்த படத்துக்குத்தான் புள்ளி. வரைந்து பார்த்த தாளைக் கசக்கி எறிந்துவிடுவோம். இடம் கிடைக்கவில்லை. டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் வீடு திரும்பும்வரை அழுதேன்.

அதே டிஸ்ட்ரிக்ட் லைன் ஈஸ்ட்ஹாமில் இருந்து மாறாமல் சவுத் கென்சிங்டன் வரைக்கும் போகும் என்பதை வரைபடத்தில் பார்த்துக் கண்டுபிடித்தது சின்னம்மாதான். "காசு கேக்க மாட்டினம், போய்ப் பார் பிள்ளை" என்று சனிக்கிழமை காலையில் இடியப்பம் கட்டித் தந்து அனுப்பினார். அப்படித்தான் அங்கே இருக்கும் விக்டோரியா அன்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குள் முதன்முறை நுழைந்தேன். 1852-இல் தொடங்கியபோதே, கைவினைஞரும் மாணவரும் நல்ல பொருள்களைப் பார்த்துப் படிக்கட்டும் என்றுதான் அதை அமைத்தார்களாம். கேட்டால் மடக்கு முக்காலி தருவார்கள். பென்சிலோடு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். உரோமில் நிற்கும் டிராஜன் தூணை அச்சுவார்த்து, கூரைக்குள் முழுதாக நிற்காததால் இரண்டு துண்டாக நிறுத்தியிருக்கிறார்கள். அதன் அடியில் மூன்று சனிக்கிழமை இருந்தேன். நான்காவது சனிக்கிழமை, என் புத்தகத்தில் 30 பக்கம் நிறைந்திருந்தது. ஒன்றுகூட முடிந்த படம் இல்லை. அந்தப் புத்தகத்தைக் காட்டித்தான் அடுத்த ஆண்டு வேறொரு கல்லூரியில் துணி வடிவமைப்புக்கு இடம் கிடைத்தது.

முதல் வாரமே கலிக்கோ வாங்கி வரச் சொன்னார்கள். வெளுக்காத, சாயமிடாத பருத்தித் துணி. நல்ல துணியில் கத்தரி வைக்கும் முன், சட்டையின் மாதிரியை இதில்தான் தைத்துப் பார்ப்பார்கள். ஷெப்பர்ட்ஸ் புஷ்ஷில் கோல்ட்ஹாக் ரோடு நெடுக துணிக்கடைகள். அங்கே ஒரு கடையில் பத்து மீட்டர் வாங்கிக்கொண்டு வரும்போது, கலிக்கோ என்ற பெயர் கோழிக்கோட்டில் இருந்து வந்தது என்று கடைக்காரர் சொன்னார். அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வந்தேனே தவிர, அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

2015-இல் ஆடை வடிவமைப்பாளர் அலெக்சாண்டர் மக்குயீனின் ஆடைகளை அதே அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் பார்த்தார்கள். கடைசி இரண்டு வார இறுதிகளிலும் இரவிரவாகத் திறந்து வைத்திருந்தார்கள். டாக்சி ஓட்டியவரின் மகன், எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஊரான ஸ்ட்ராட்போர்டில் வளர்ந்தவர், 16 வயதில் பள்ளியை விட்டு, லண்டனில் தையற்கடைகளுக்குப் பெயர்போன சவில் ரோ தெருவில் தையல் பழகப் போனவர். அதிகாலை இரண்டு மணிக்கு நான் அவருடைய சிப்பிச் சட்டைக்கு முன்னால் நின்றேன். கடற்கரையில் கால் மிதித்துப்போகும் நீளநீளமான சிப்பி ஓடுகள், கழுத்தில் இருந்து கால்வரை, மீன் செதிலைப்போல ஒன்றன்மேல் ஒன்று. காரைநகர்க் கரையில் இப்படிச் சிப்பி எத்தனை பொறுக்கியிருப்போம்! கொஞ்ச நேரம் வைத்து விளையாடிவிட்டு அங்கேயே கொட்டிவிட்டு வருவோம். அவர் அதைச் சட்டையாகக் கண்டிருக்கிறார். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அப்புறம் அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் இந்தியத் துணிகளின் கண்காட்சி. இதைப் பற்றித்தான் உண்மையில் எழுத வந்தேன்.

சோழமண்டலக் கரையில் 18-ஆம் நூற்றாண்டில் கையால் வரைந்த பருத்தித் துணிகள் அங்கே இருந்தன. சின்ட்ஸ் என்பார்கள். வெள்ளைத் துணியில் வளைந்தேறும் மரம், பெரிய பெரிய பூக்கள், நீல இலைகள். இலை ஏன் நீலம்? நீலத்தின் மேல் மஞ்சள் பூசித்தான் பச்சை கொண்டுவருவார்கள்; மஞ்சள் நாளாவட்டத்தில் வெளிறிப்போக நீலம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. சிவப்போ நேற்றுத் தோய்த்ததுபோல நிற்கிறது. கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில், சிவப்பு வரவேண்டிய இடத்தில் மட்டும் படிகார நீரை மூங்கில் எழுதுகோலால் தீட்டுவார்கள். பிறகு சாயவேர் காய்ச்சிய நீரில் துணியைப் போட்டால், படிகாரம் பட்ட இடம்தான் சிவப்பைப் பிடிக்கும். மற்ற இடமெல்லாம் வெயிலிலும் தண்ணீரிலும் வெளுத்துவிடும்.

சாயவேரைப் பற்றிக் கல்லூரி நூலகத்தில் தேடினேன். அந்தச் செடி கடலோர மணலில் வளர்வது. சிப்பிச் சுண்ணாம்பு கலந்த மண்ணில் வளர்ந்த வேரில் சிவப்பு நன்றாக ஏறுமாம். நல்ல வேர் கிடைத்த இடங்களில் மன்னாரும் யாழ்ப்பாணமும் சொல்லப்பட்டிருந்தன. ஒல்லாந்தர் அதைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டு நம் கரைகளில் தோண்டுவித்திருக்கிறார்கள். நான் புத்தகத்தை மூடிவிட்டு அம்மம்மாவுக்குப் போன் எடுத்தேன். "சாயவேர் தெரியாது மோனை. இம்பூறலோ? அது இருமலுக்கு" என்றார். இரண்டும் ஒரே செடிதான்.

இந்தத் துணிகள் லண்டனுக்கு வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். பிரிக் லேனுக்கு அருகே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பட்டு நெய்தவர்கள், தங்கள் பிழைப்புப் போகிறதே என்று 1719-இல் தெருவில் இறங்கி, பூப்போட்ட பருத்தி உடுத்த பெண்களின் சட்டைகளைக் கிழித்தார்கள். 1721-இல் அப்படிப்பட்ட துணியை உடுக்கவே கூடாது என்று சட்டம் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து அதே ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில், பிரின்ஸ்லெட் தெருவில் குடியிருந்து பட்டுக்கு வடிவம் வரைந்த ஆன்னா மரியா கார்த்வெயிட்டின் நூற்றுக்கணக்கான தாள்கள் இன்று சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்திடம் இருக்கின்றன. தோட்டத்துப் பூவை அப்படியே பார்த்து வரைந்த நீர்வண்ணங்கள். அவற்றைப் பார்த்தபோது எங்கள் ரீச்சரிடம் படித்தவர்போல இருக்கிறாரே என்று நினைத்தேன். அந்தத் தெருவில் இப்போதும் அவ்வப்போது நடப்பேன். கிழித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அவர்களும் கைத்தொழில் செய்து வாழ்ந்தவர்கள்தான். உடுப்புக் கிழிந்து வீடு போன பெண்களை நினைத்தால்தான் மனம் கஷ்டப்படுகிறது.

2025 மே கடைசியில் ஸ்ட்ராட்போர்ட் பக்கம், ஒலிம்பிக் பூங்காவில், அருங்காட்சியகம் தன் சேமிப்புக் கிடங்கையே எல்லோருக்கும் திறந்துவிட்டது. இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். முன்கூட்டிப் பதிவு செய்தால், கேட்ட பொருளை எடுத்துவந்து முன்னால் வைப்பார்கள். ஆராய்ச்சியாளர் என்று கடிதம் காட்டத் தேவையில்லை, யாரும் கேட்கலாம். நான் ஒரு சின்ட்ஸ் துண்டைக் கேட்டேன். மேசையில் வெள்ளைத் தாள் விரித்து, அதன்மேல் கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டு கை அகலம்கூட இல்லை. இடையில் கண்ணாடி இல்லை. ஒரு பூவின் இதழோரத்தில், எழுதியவரின் கை ஒரு கணம் நின்று மறுபடி போயிருக்கிறது; அந்த இடத்தில் கோடு அரிசி முனை அளவுக்குத் தடித்திருந்தது. மறுபக்கம் பார்க்கலாமா என்று கேட்டேன். கையுறை போட்டிருந்த ஊழியர் ஓரத்தை மெதுவாகத் திருப்பிக் காட்டினார். சிவப்பு அந்தப் பக்கத்துக்கும் ஊறி வந்திருந்தது.

ஒரு மணி நேரம் பார்த்தேன். பிறகுதான் பென்சிலை எடுத்தேன்.

அன்றிரவு வரைந்ததைப் படமெடுத்து ரீச்சருக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அவர் ஓய்வு பெற்றுச் சில வருஷமாகிறது. கண்ணில் சத்திரசிகிச்சை செய்திருந்தார். நம் கரையின் சிவப்பு என்று ஒரு நீண்ட குறிப்பும் எழுதியிருந்தேன். விடிந்து பார்த்தபோது ஒரேயொரு வரி வந்திருந்தது: "பின்பக்கத்தையும் கீறினனியோ பிள்ளை?"

அதே துணிக்கு அடுத்த மாதம் மறுபடி பதிவு செய்திருக்கிறேன்.