கலர் ஷீட் நடுவில் துருப்பிடிப்பதில்லை, ஓரத்தில்தான்

கடலோர ஊர்களில் கலர் ஷீட் கூரைகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். நடுப்பகுதி நன்றாக இருக்கும். வெட்டிய ஓரத்திலும் ஸ்க்ரூவைச் சுற்றியும்தான் பெயிண்ட் உப்பியிருக்கும். நகத்தால் கீறினால் உள்ளே வெள்ளைப் பொடி.

கலர் ஷீட் என்பது இரும்புத் தகடு; அதன்மேல் துத்தநாகப் பூச்சு, அதற்கும் மேலே பெயிண்ட். அந்தப் பொடி அரிபட்ட துத்தநாகம். வெட்டிய இடத்தில் இரும்பு திறந்து கிடப்பதால், அதைக் காக்கப் பக்கத்திலிருக்கும் துத்தநாகம் தான் அரிபட்டுக்கொள்கிறது. அரிந்தது பருத்துப் பெயிண்டைத் தூக்குகிறது. அந்தச் சந்தில் உப்புத் தண்ணீர் ஏறுகிறது. துத்தநாகம் தீர்ந்ததும் செந்துரு.

ஆகவே துத்தநாகப் பூச்சின் எடையைக் கேட்டு வாங்க வேண்டும். ‘275 கிராம்’ என்பது ஒரு சதுர மீட்டரில் இரண்டு பக்கமும் சேர்த்த கணக்கு. பக்கத்துக்குச் சுமார் 19 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்). 120 கிராம் என்றால் எட்டு மைக்ரானை ஒட்டித்தான். மேலே பெயிண்ட், பிரைமர் சேர்த்து வழக்கமாக 25 மைக்ரான். கடைக்காரர் சொல்லும் ‘0.50’ மில்லிமீட்டர் பெரும்பாலும் பூச்சு, பெயிண்ட் எல்லாம் சேர்த்த தடிமன். வெறும் இரும்பு எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

நல்ல ஷீட்டையும் கெடுப்பது, ஷீட் வெட்டப் பிடிக்கும் கிரைண்டர் மெஷின். சூட்டில் ஓரத்துப் பெயிண்டும் துத்தநாகமும் கருகும். பறக்கும் பொறி பெயிண்டில் ஒட்டி, பனி பட்டதும் புள்ளிப் புள்ளியாய்த் துருவாகும். கையால் வெட்டும் கத்திரியோ, ஷீட்டைக் கொறித்து வெட்டும் நிப்ளரோ போதும். துளை போட்ட இரும்புத் துகளை அன்றைக்கே கூட்டிவிட வேண்டும்; இதை மட்டும் யாரும் செய்வதில்லை.

ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் லேசாகப் பிதுங்கும்வரை முடுக்கினால் போதும். மீறினால் ஷீட் குழிந்து தண்ணீர் தேங்கும். ஏசியின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரும், ஈரச் சிமெண்டும் ஷீட்டில் படவே கூடாது.

மழை கழுவும் கூரையைவிட, இறவாரத்துக்குக் கீழே மழை படாத சுவர் ஷீட் சீக்கிரம் போகும், உப்பு அங்கேயே தங்கிவிடுவதால். சில மாதத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

ஓரம் ஏற்கெனவே உப்பிவிட்டதா? கெட்டியாக ஒட்டியிருக்கும் இடம் வரும்வரை பெயிண்டைச் சுரண்டி, எமரி ஷீட்டால் தேய்த்து, கழுவிக் காயவிட்டு, வெளியே தெரியும் இரும்பில் ஜிங்க் பிரைமர், அதன்மேல் பெயிண்ட். பொடியின் மேலேயே பூசினால் அடுத்த மழைக்கே உரியும்.