கொண்டை ஊசியும் உண்டியலும்

1984 தவக்காலம், ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பு. நான் ஒன்பதாம் வகுப்பு. ஓவல்டின் டப்பாவில் ஊதாத் தாள் ஒட்டி, மூடியில் காசு போடக் கீறல் வெட்டிய உண்டியல் என் பொறுப்பில் இருந்தது. தினமும் காலையில் அதை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோக வேண்டும். அம்மாவின் கொண்டை ஊசியை வளைத்து அதிலிருந்து நான் எடுத்தது 12 ரூபாய். ஒரே நாளில் இல்லை, இரண்டு வாரத்தில். பாதி பகல் காட்சிக்கும் மீதி பஜ்ஜிக்கும் போனது.

பள்ளி மலருக்கு விளையாட்டு விழாவைப் பற்றி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். இதுதான் வந்தது.

ராயபுரத்தில் எங்களுக்குத் தவக்காலம், அதன் முதல் நாளான சாம்பல் புதனுக்கு முன்பே தொடங்கிவிடும். போன வருஷத்துக் குருத்தோலைச் சிலுவைகளைச் சாமி படங்களுக்குப் பின்னாலிருந்து உருவிக் கோயிலில் கொடுப்போம். அவற்றை எரித்த சாம்பல்தான் நெற்றிக்கு வரும். அந்த வருஷம் நெற்றியில் பூசிய கையோடுதான் நான் ஊசியை வளைத்தேன்.

செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். பொய் சொன்னேன், தம்பியை அடித்தேன் என்றெல்லாம் ஒப்புவித்துவிட்டு உண்டியலை மட்டும் விழுங்கிவிட்டேன். பிறகு உத்தம மனஸ்தாப மந்திரம் சொல்ல வேண்டும். மனஸ்தாபம் என்றால் இப்போது சம்பந்திச் சண்டைதான் நினைவுக்கு வருகிறது. அந்த மந்திரத்தில் அது செய்த பாவத்துக்காக நெஞ்சு நோவது. எனக்கு முட்டிதான் நொந்தது.

மறைக்கல்வி வகுப்பு எடுத்த சார் காசிமேட்டுக்காரர். மனமாற்றம் என்றதும் மற்றவர்கள் திருந்தி வீடு திரும்பிய ஊதாரி மகன் கதையை எடுப்பார்கள். இவருக்கு எப்போதும் இராயப்பர்தான். இயேசுவின் சீடர் பேதுருவுக்கு நம் கோயிலில் வழங்கிய பழைய பெயர் அது. ராயபுரம் என்ற பேரே அவரால் வந்தது என்று ஊரில் சொல்வார்கள். இரவு முழுக்க வலை வீசி ஒன்றும் படாத படகு, விடியலில் கரையில் நிற்கும் உயிர்த்தெழுந்த இயேசு, பிறகு வலையில் 153 மீன். "இன்னா மீனு சார்?" என்றான் ஒருவன். "வஞ்சிரம்னு வச்சிக்கடா" என்று சிரித்தவர், சட்டென்று குரலைத் தணித்தார்.

"இயேசுவைப் பிடிச்சிட்டுப் போன ராத்திரி, அவரைத் தெரியாதுன்னு இராயப்பர் மூணு வாட்டி சொன்னது எங்க? தலைமைக் குரு வீட்டு முற்றத்துல, கரி நெருப்புல குளிர் காஞ்சிக்கிட்டு. இப்ப கரையில ஏறினா அங்கயும் கரி நெருப்பு, மேல மீன். சாப்பிட வெச்சிட்டு அப்புறம்தான் கேட்டாரு, என்மேல அன்பு இருக்கான்னு. மூணு வாட்டி. ஏன் அப்படிச் செஞ்சேன்னு ஒரு வார்த்தை கேக்கல. என் ஆடுகளைப் பார்த்துக்கோன்னு வேலையைக் குடுத்தாரு."

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் சாமியார் அதட்டவில்லை. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிடு என்றார், அவ்வளவுதான். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார், சொல்லவும் கூடாது. அதனால் சாரிடம் நானேதான் போயாக வேண்டும்.

மூன்று வாரம் விடியற்காலையில் காசிமேட்டில் ஏலம் நடக்கும் இடத்தில் கூடை தூக்கினேன். சட்டையில் ஒட்டிய மீன் நாற்றத்துக்கு அம்மாவிடம் தனியாக ஒரு பொய் சொன்னேன். அதற்கும் ஒரு பாவசங்கீர்த்தனம் ஆனது.

பள்ளி விட்டதும் மாடிப்படிக்குக் கீழே சாரிடம் 12 ரூபாயை நீட்டினேன். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் எண்ணிப் பார்த்தார். ஒவ்வொன்றாக, சத்தம் கேட்க, உண்டியலில் போட்டார். பிறகு டப்பாவை என் கையில் வைத்து, "நாளைக்கு ஆறாங்கிளாஸ்லேர்ந்து ஆரம்பி" என்றார்.

கொண்டை ஊசி நுழைந்து நுழைந்து மூடியின் கீறல் ஒரு பக்கம் அகன்றிருந்தது. அவர் அதைத் தட்டிச் சரிசெய்யவும் இல்லை, வேறு டப்பா தேடவும் இல்லை. ஈஸ்டர் வரை அதையேதான் தூக்கிக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போனேன்.