மதுவைக் குறைத்த கிளாஸ்

ஏப்ரல் சீசன் தொடங்கிவிட்டால் நுவரெலியாவில் எங்கள் ஹோட்டல் பார் பொழுது சாயும் முன்பே நிரம்பிவிடும். கொழும்பிலிருந்து வருபவர்களுக்கு இரவுச் சாப்பாடு வரை கையில் ஒரு கிளாஸ் வேண்டும். தள்ளாடிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்குப் போகவும் கூடாது. "தம்பி, மது குறைவாக, கொஞ்சம் கசப்பாக, நம்முடைய பழம் ஏதாவது போட்டு ஒன்று செய்யுங்கள்" என்றார் மேனேஜர் சேர்.

கேட்க எளிதாக இருந்தது. கசப்புக் காக்டெயில் என்றால் நெக்ரோனி. அதில் ஜின், கம்பாரி என்ற சிவப்புக் கசப்பு மது, இனிப்பு வெர்மூத் என்ற மூலிகை வைன் மூன்றும் சம அளவு. ஐஸ் கரையும் முன் ஏறத்தாழ 27 சதவீதம் ஆல்கஹால். ஜின்னை நீக்கிச் சோடா ஊற்றினால் அது அமெரிக்கானோ என்ற காக்டெயில். அதில் பழச்சாற்றை விட்டால் பள்ளிக்கூட விழாவில் கொடுக்கும் ஜூஸ்தான். தொண்டையில் இறங்கும் மதுவின் காரம்தான் இனிப்பை அடக்கி வைக்கிறது. காரம் போனால் அந்த வேலையை வேறு ஒன்று செய்தாக வேண்டும்.

முதலில் டொனிக் என்ற கசப்புச் சோடா நினைவுக்கு வந்தது. அதன் கசப்பு சிங்கோனா மரப்பட்டையிலிருந்து வரும் குயினின். பக்கத்து ஹக்கலைத் தோட்டத்தை 1861இல் தொடங்கியதே சிங்கோனா வளர்க்கத்தான். கோப்பியை இலைநோய் தின்ற பிறகு, தேயிலைக்கு முழுதாக மாறும் முன் துரைமார் பலர் நம்பியதும் அந்த மரத்தைத்தான். கதை நன்றாக இருக்கிறது, டொனிக்கில் சீனி அதிகம். கைவிட்டேன்.

பழத்துக்கு மரத்தக்காளி. கொடித்தோடையின் (பாஷன் பழம்) வாசனை மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். மரத்தக்காளி அடக்கமானது, புளிப்பும் நிறமும் உண்டு. தோல் கசக்கும், ஆனால் அது பச்சைக் கசப்பு. கொதிநீரில் போட்டெடுத்துத் தோலை உரித்துவிட்டு, சதையைச் சீனியோடு காய்ச்சி வடிகட்டுகிறேன்.

துவர்ப்புக்குத் தேயிலை. சுடச்சுட ஊறவைத்த கடும் சாயத்தை ஐஸில் விட்டால் கலங்கிப்போய், பாத்திரம் கழுவிய நீர் போல ஆகிவிடும். அதே தேயிலையைக் குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவைத்தால் தெளிவாக நிற்கிறது. துவர்ப்பும் நாவின் ஓரத்தில் மெல்லப் பிடிக்கிறது.

கடைசியில் நின்ற அளவு: கம்பாரி 15 மி.லீ., வெர்மூத் 30, பாகு 20, தேநீர் 60, தேசிக்காய்ச் சாறு 10, மேலே சோடா 45. எங்கள் போத்தலில் கம்பாரி 25 சதவீதம் என்பதால், கிளாஸில் ஆல்கஹால் 5 சதவீதத்தைத் தொடுவதில்லை. பியர் அளவுதான். பாகை ஒரு சொட்டுக் கூட்டினாலும் கசப்பு பின்வாங்கிவிடும். சீசன் நெரிசலில் உதவிக்கு வரும் பையன்களிடம் நான் கத்துவது இதற்காக மட்டும்தான். பௌர்ணமிப் போயா தினத்தில் மது விற்கக்கூடாது என்பதால் அன்று கம்பாரியும் வெர்மூத்தும் இல்லை. தேநீரைக் கூட்டி, சோடாவுக்குப் பதில் டொனிக் ஊற்றி, பாகைப் பாதியாக்குகிறேன்.

விருந்தினர்கள் இரண்டாவது கிளாஸும் கேட்கிறார்கள். கணக்குப் பிரிவுதான் இன்னும் வழிக்கு வரவில்லை. மது குறைந்தால் விலையும் குறைய வேண்டுமாம். பழம் உரிக்கும் கூலியை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டிருக்கிறேன்; பதில் வரவில்லை.